செக்கும் ஒரு கேள்வியும்: கோவைச் சிறையிலிருந்து ஒரு பாடம்



காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நஞ்சப்பா ரோட்டில் நடந்தவர்கள் எல்லோரும் அந்த நீண்ட மதிலைப் பார்த்திருப்பீங்க. கோவை மத்திய சிறை. 1872-இல் கட்டப்பட்டது. அதே 1872-இல், செப்டம்பர் 5-ஆம் தேதி, ஒட்டப்பிடாரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. 36 வருஷம் கழித்து அந்தக் குழந்தையும் இந்தக் கட்டடமும் சந்தித்துக்கொண்டன. வ.உ.சிதம்பரம் பிள்ளை கைதியாக உள்ளே வந்தார்.

'வ.உ.சி. செக்கிழுத்தார்' என்ற ஒரு வரி நம்ம எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வி அது. ஆனால் அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது, ஒரு மனிதனை அடைத்து வைப்பது என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள், அதை எப்படித் தாங்கினார் என்று யாரும் நமக்கு விரித்துச் சொன்னதில்லை. இந்தக் கட்டுரையில் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். துணைக்கு ஒரு பழைய டிவி தொடரையும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் அந்தத் தொடர்

1967 செப்டம்பரிலிருந்து 1968 பிப்ரவரி வரை இங்கிலாந்தில் 'தி பிரிசனர்' என்று ஒரு உளவுத் தொடர் ஒளிபரப்பானது. மொத்தமே 17 பகுதிகள். பேட்ரிக் மெக்கூகன் என்ற நடிகர் அதை உருவாக்கி, தானே நாயகனாகவும் நடித்தார். கதை இதுதான்: ஓர் உளவு அதிகாரி திடீரென்று வேலையை ராஜினாமா செய்கிறார். வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டும்போது மயக்க வாயு அடிக்கிறது. கண் விழித்தால் வேறொரு ஊர். அதற்குப் பெயரே 'கிராமம்' தான். அழகான வீடுகள், பூந்தோட்டம், கடற்கரை, பேண்டு வாத்தியம் எல்லாம் உண்டு. வெளியே போகும் வழி மட்டும் கிடையாது. அங்கே யாருக்கும் பெயர் இல்லை, எண்தான். இவர் ஆறாம் எண். ஊரை நடத்துபவர் இரண்டாம் எண். அந்த நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் கேள்வி மாறாது: "ஏன் ராஜினாமா செய்தாய்?"

வேல்ஸ் நாட்டில் போர்ட்மெய்ரியன் என்ற நிஜமான ஊரில்தான் இதைப் படம் பிடித்தார்கள். இன்றைக்கும் அங்கே சுற்றுலா போகிறார்கள்.

இந்தத் தொடரில் சிறை என்றால் இருட்டறையும் சங்கிலியும் இல்லை. அடைப்பது என்பதன் சாரம் மூன்றே விஷயம் என்று அது காட்டுகிறது. பெயரை எடுத்துவிடு. எப்போதும் கண்காணி. வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்பதையே மறக்க வை. இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டு நம்ம ஊருக்குத் திரும்பலாம் வாங்க.

கேள்வி கேட்டவருக்கு 40 வருஷம்

வ.உ.சி. தூத்துக்குடியில் வக்கீல். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. நம்ம சரக்கு, நம்ம ஆட்கள், ஆனால் கப்பல் மட்டும் ஏன் அவர்களுடையது? இந்தக் கேள்விக்கு 1906 அக்டோபரில் அவர் கொடுத்த விடைதான் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு ஸ்டார்ட்அப். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தது. முதலீடு அதிகமுள்ளவன் சின்னவனை நசுக்கும் அந்த உத்தி நமக்குப் புதுசு இல்லை.

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். மார்ச் 12-ஆம் தேதி இருவரும் கைது. அடுத்த நாள் திருநெல்வேலி கொதித்தது. வழக்கில் முக்கியமான சாட்சியம் அவர்கள் மேடையில் பேசிய பேச்சு. கூட்டத்தில் உட்கார்ந்து போலீஸ் எழுதி வைத்த குறிப்புகள். 'கண்காணி' என்ற அம்சம் சிறைக்குள் போகும் முன்பே தொடங்கிவிடுகிறது, கவனிங்க.

1908 ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று. மொத்தம் 40 வருஷம். அப்போது அவருக்கு வயசு 35. தண்டனை அப்படியே நின்றிருந்தால் விடுதலை 1948-இல், நாடு விடுதலையானதற்கும் அடுத்த வருஷம்! மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1908 ஜூலையிலிருந்து 1910 டிசம்பர் வரை கோவைச் சிறையிலும், பிறகு கண்ணூர்ச் சிறையிலும் இருந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

செக்கு: ஓர் இன்ஜினியரிங் பார்வை

வ.உ.சி. தன் வாழ்க்கையைச் செய்யுளாக எழுதியிருக்கிறார். 'சுயசரிதை' என்ற அந்த நூல் அவர் இறந்த பிறகு 1946-இல் வெளிவந்தது. அதில் செக்கு வரும் இடம் ரொம்பச் சின்னது. முதலில் சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்ற வைத்தார்கள். கைத்தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அதைப் பார்த்த ஜெயிலர் வேலையை மாற்றிக் கொடுத்தார். மாற்றிக் கொடுத்த வேலைதான் எண்ணெய்ச் செக்கு. மாட்டுக்குப் பதிலாக, பகல் முழுக்க வெயிலில் நடந்து தள்ள வேண்டும். அந்த ஜெயிலரின் அன்பை என்னவென்று சொல்வது என்று கிண்டலாக ஒரு வரி போட்டுவிட்டு மேலே போய்விடுகிறார். அவ்வளவுதான். அழுகை இல்லை.

அவர் விட்ட இடத்தை நாம கணக்கால் நிரப்பிப் பார்ப்போம். செக்கு என்றால் என்னென்ன இருக்கும்? நடுவில் அசையாத உரல். அதற்குள் சாய்ந்து நிற்கும் உலக்கை. உலக்கையோடு சேர்ந்து வெளியே நீளும் ஒரு மரம், அதன் மேல் பாரம். மாடு மரத்தை இழுத்துக்கொண்டு சுற்ற, உலக்கை உரலின் சுவரோடு உரசி, வித்தை நசுக்கி எண்ணெயைப் பிழியும். இன்றைக்கு ஊரெல்லாம் 'மரச்செக்கு எண்ணெய்' என்று போர்டு வைத்து விற்கிறார்களே, அதே தத்துவம்தான். இப்போது மாட்டுக்குப் பதில் மோட்டார், அன்றைக்கு மாட்டுக்குப் பதில் மனிதன்.

கீழே வரும் எண்கள் சிறைப் பதிவு இல்லை. அளவு புரிவதற்காக நாம எடுத்துக்கொள்ளும் அனுமானம்.

நடக்கும் வட்டத்தின் ஆரம் 2 மீட்டர் என்று வைங்க. ஒரு சுற்று ஏறக்குறைய 12.6 மீட்டர். நிமிஷத்துக்கு 3 சுற்று என்றால் வேகம் நொடிக்கு 0.63 மீட்டர், அதாவது மெதுவான நடை. 6 மணி நேரம் நடந்தால் 1,080 சுற்று, தூரம் 13 கிலோமீட்டருக்கு மேல். நேராக நடந்திருந்தால் காந்திபுரத்திலிருந்து பேரூரைத் தாண்டிப் போயிருக்கலாம். இவருடைய இடப்பெயர்ச்சியோ பூஜ்யம். முதல் செமஸ்டர் இயற்பியலில் தூரத்துக்கும் இடப்பெயர்ச்சிக்கும் வித்தியாசம் கேட்பார்களே, அதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் கிடைக்காது.

அடுத்தது திறன். ஒரு மாடு தொடர்ந்து வேலை செய்தால் அரைக் குதிரைத்திறன், சுமார் 370 வாட் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆரோக்கியமான மனிதன் மணிக்கணக்காக வேலை செய்தால் சுமார் 75 வாட். திறனை வேகத்தால் வகுத்தால் விசை. மாட்டுக்கு வருவது சுமார் 590 நியூட்டன், அதாவது 60 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை. மனிதனால் நாள் முழுக்கக் கொடுக்க முடிவது சுமார் 12 கிலோ அளவுதான். ஐந்தில் ஒரு பங்கு. ஆக, எண்ணெய் உற்பத்தி என்ற கணக்கில் பார்த்தால் மாட்டை அவிழ்த்துவிட்டு வக்கீலைக் கட்டுவது படு மோசமான டிசைன்.

அப்படியென்றால் ஏன் செய்தார்கள்? அந்த எந்திரத்தின் அவுட்புட் எண்ணெய் மட்டும் இல்லை, அதனால்தான்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற இன்ஜினியர், கைதிகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மிதித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு பெரிய சக்கரத்தை வடிவமைத்தார். 'டிரெட்மில்' என்ற சொல் அங்கிருந்துதான் நம்ம ஜிம்முக்கு வந்தது. சில சிறைகளில் அது மாவு அரைத்தது, சில சிறைகளில் எதையும் அரைக்கவில்லை, சும்மா சுற்றியது. கைப்பிடியைச் சுற்றும் 'கிராங்க்' என்றும் ஒன்று இருந்தது. எண்ணிக்கை காட்டும் ஒரு டயல், பாரத்தைக் கூட்டக் காவலர் கையில் ஒரு திருகாணி. எந்தப் பொருளும் அதில் உற்பத்தியாகாது. இன்றும் ஆங்கிலப் பேச்சு வழக்கில் சிறைக் காவலரை 'ஸ்க்ரூ' என்று சொல்வதற்கு இந்தத் திருகாணியைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். 1898-இல் சட்டம் போட்டு இங்கிலாந்தில் இவற்றைக் கைவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து, அதே பேரரசின் கீழ், கோவையில் ஒரு மனிதன் செக்கில்.

இதையெல்லாம் வடிவமைத்தவர்களும் இன்ஜினியர்கள்தான். நம்ம துறை பாலமும் கட்டும், இதையும் கட்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வலி ஒரு வழி, வசதி இன்னொரு வழி

இப்போ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. கோவைச் சிறை வலியால் வேலை செய்கிறது. கிராமம் வசதியால் வேலை செய்கிறது. குறி என்னவோ ஒன்றுதான். நீ யார் என்பதை நாங்கள் தீர்மானிப்போம்.

கப்பல் கம்பெனி நடத்தியவரை மாட்டின் இடத்தில் நிறுத்தினார்கள். அதைப் பார்க்கிற மற்ற கைதிகளுக்கும், வெளியே கேள்விப்படுகிற ஜனங்களுக்கும் ஒரு செய்தி போகும். ஆறாம் எண்ணுக்கு நல்ல வீடும் சாப்பாடும் கொடுத்தார்கள். கேள்வி கேட்காமல் இருந்தால் எல்லாம் கிடைக்கும் என்பது அங்கே போன செய்தி. முதல் வகைச் சிறையை நாம உடனே அடையாளம் கண்டுகொள்வோம், கோபம் வரும். இரண்டாவது வகையில் மாட்டிக்கொண்டவருக்குக் கோபமே வராது. அதுதான் அதன் ஆபத்து.

'தி ஜெனரல்': மூன்று நிமிஷத்தில் டிகிரி

காலேஜ் மாணவர்கள் இந்தத் தொடரில் ஒரே ஒரு பகுதிதான் பார்க்க முடியும் என்றால் 1967 நவம்பரில் வந்த 'தி ஜெனரல்' பகுதியைப் பாருங்க. கிராமத்தில் ஒரு புதுப் படிப்பு அறிமுகமாகிறது. பெயர் 'ஸ்பீட்லேர்ன்'. டிவி முன்னாடி உட்கார்ந்தால் மூன்று வருஷப் படிப்பு மூன்று நிமிஷத்தில் மூளைக்குள் இறங்கிவிடும். ஊரே குஷியாகிறது. ஆறாம் எண்ணும் தற்செயலாக ஐரோப்பிய வரலாற்றுப் பாடத்தைப் பார்த்துவிடுகிறார். பிறகு இரண்டாம் எண் வந்து கேள்வி கேட்கிறார். இவர் வாயிலிருந்து தேதிகள் கடகடவென்று வருகின்றன. அதே கேள்வியை வேறொருவரிடம் கேட்டால் அவரும் அதே பதிலைச் சொல்கிறார், சொல்லுக்குச் சொல் அப்படியே. அங்கேதான் அவருக்கு உறைக்கிறது. இது படிப்பு இல்லை, பதிவேற்றம்.

இதற்குப் பின்னால் இருப்பது 'ஜெனரல்' என்ற கம்ப்யூட்டர். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் என்று பெருமை பேசுகிறார்கள். அது பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று என்னிடம் இருக்கிறது என்கிறார் ஆறாம் எண். டைப் செய்து உள்ளே போடுகிறார். எந்திரம் சூடேறிப் புகைந்து வெடிக்கிறது. அதைக் காப்பாற்றப் போன பேராசிரியரும், பேராசிரியரைக் காப்பாற்றப் போன ஓர் இளைஞனும் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். பிறகு இரண்டாம் எண் கேட்கிறார், அது என்ன கேள்வி என்று. "ஏன்?" என்ற ஒரே சொல்தான்.

நீங்க சிரிக்கலாம். எந்தக் கம்ப்யூட்டரும் இப்படி வெடிக்காது, எரர் காட்டிவிட்டு நிற்கும். இன்றைய ஏஐ-யிடம் "ஏன்?" என்று கேட்டால் நாலு பத்தியில் பதிலே வரும். ரொம்பச் சரி. ஆனால் அந்தக் கேள்வி எந்திரத்தைச் சோதித்தது என்பதைவிட, கேட்டவரைக் காப்பாற்றியது என்று பார்ப்பதுதான் பொருத்தம். ஊரில் எல்லோரிடமும் பதில் இருந்தது. கேள்வி இருந்தது ஒருவரிடம் மட்டும். இப்போது நம்ம போனில் எல்லாப் பதிலும் இருக்கிறது. எதைக் கேட்க வேண்டும் என்று அது நமக்காக முடிவு செய்து தராது.

உள்ளே இருந்தபடி வ.உ.சி. செய்தது

ஆறாம் எண் தப்பிக்க முயன்றுகொண்டே இருந்தார். வ.உ.சி. வேறு மாதிரி. அவர் உள்ளேயே ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டார். எழுத்து.

ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1903-இல் எழுதிய சிறு நூலை வ.உ.சி. 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். அது அச்சில் வந்தது 1909-இல், அவர் கோவைச் சிறையில் இருந்தபோது. எண்ணம் எப்படியோ வாழ்க்கை அப்படி என்பதுதான் அந்த நூலின் சாரம். ஏசி அறையில் உட்கார்ந்து யாராவது இதைச் சொன்னால் நமக்குக் கடுப்பாக இருக்கும், மோட்டிவேஷன் ஸ்பீக்கர் என்போம். சூழ்நிலை முழுக்க எதிரியின் கையில் இருந்த ஒருவரின் பெயரோடு அது வரும்போது அர்த்தம் மாறுகிறது. நடக்கும் வட்டத்தை ஜெயிலர் தீர்மானிக்கலாம், நடக்கும்போது என்ன நினைப்பது என்பதை அவரால் தீர்மானிக்க முடியாது. எண்ணம் மட்டும் இருந்தால் மதில் இடிந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவரே வழக்கும் மேல்முறையீடும் என்று சட்டப்படி போராடியவர்தானே.

கண்ணூர்ச் சிறையில் 'மெய்யறம்' எழுதினார். கூட இருந்த கைதிகளுக்கு அறம் சொல்லித் தருவதற்காக உருவான நூல் அது. குறளை வழிகாட்டியாகக் கொண்டு 125 அதிகாரங்கள். 1914-இல் வெளிவந்தது. அதன் முதல் பகுதி என்ன தெரியுமா? மாணவரியல், 30 அதிகாரம். சிறைக்குள் இருந்த ஒருவர் வாழ்க்கையை வரிசைப்படுத்தும்போது முதலில் நினைத்தது மாணவர்களை.

வெளியே வந்தபோது அவருக்காகப் பெருங்கூட்டம் எதுவும் காத்திருக்கவில்லை. 1911-லேயே கப்பல் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. வறுமை. சினிமாவில் சிவாஜி செக்கிழுத்ததை 1961-இல் பார்த்து அழுதது நம்ம ஊர். ஆனால் அந்த மனிதர் வெளியே வந்து வாழ்ந்த வருஷங்கள், உள்ளே இருந்ததைவிட நீளம்.

இன்னொரு தகவல். 1920-களில் அவர் கோவைக்கே திரும்பி வந்து, இங்கே ஒரு வங்கியில் மேனேஜராக வேலை பார்த்தார். தன்னை மாட்டின் இடத்தில் நிறுத்திய ஊருக்கு, இந்தத் தடவை தன் விருப்பப்படி. சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி வாலஸ் என்ற வெள்ளைக்காரரின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். எதிர்த்தது ஆட்சியைத்தான், ஆட்களை அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1936 நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

நமக்கு இதில் என்ன?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். ஹாஸ்டலை ஜெயில் என்பதும், ரோல் நம்பரைக் கைதி எண் என்பதும் நம்ம வழக்கமான ஜோக். ஜோக்காக இருக்கும்வரை சரி. செக்கு தள்ளியவருடைய வலிக்குப் பக்கத்தில் நம்ம அட்டெண்டன்ஸ் பிரச்சினையை வைப்பது நியாயம் இல்லை. நம்ம கேட் சாயங்காலம் திறக்கும்.

ஆனால் இரண்டாவது வகைச் சிறை நமக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் முக்கியமான கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்து, ஹாலில் 60 பேரும் ஒரே பதிலை ஒரே வார்த்தையில் எழுதி, மார்க் வாங்கி, மறுநாள் மறந்துபோவது ஸ்பீட்லேர்ன்தான். நண்பன் எடுத்தான் என்று அதே கோர்ஸ், சீனியர் போனார் என்று அதே கம்பெனி, ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் நாலு வருஷம் சுற்றினால் அங்கேயும் தூரம் உண்டு, இடப்பெயர்ச்சி இல்லை. வித்தியாசம் ஒன்றுதான். இந்த நுகத்தடியை நம்ம கழுத்தில் யாரும் பூட்டவில்லை. அதனால் கழற்றுவதற்கு மேல்முறையீடு தேவையில்லை.

எதிர்த்துச் சண்டை போடுங்க என்று சொல்லவில்லை. பாடத்தைப் படிங்க, மார்க்கும் வாங்குங்க. ஒவ்வொரு பாடத்திலும் ஒரே ஒரு "ஏன்" கேளுங்க. இந்தச் சூத்திரம் ஏன் வந்தது? இந்த எந்திரத்தை யார், யாருக்காகச் செய்தார்கள்? அதன் அவுட்புட் என்று எழுதியிருப்பது மட்டும்தான் அவுட்புட்டா?

யோசிக்க மூன்று கேள்விகள்

1. மேலே போட்ட செக்குக் கணக்கில் ஆரத்தை 3 மீட்டராக மாற்றி, நடை வேகத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்க. தேவைப்படும் விசை மாறுமா? ஒரு நாளில் எத்தனை சுற்று குறையும்?

2. உங்க துறையில் இன்று பயன்படும் ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்க. மனிதரைக் கண்காணிக்கவோ கட்டுப்படுத்தவோ அதைத் திருப்ப முடியுமா? அதைத் தடுக்க டிசைனிலேயே என்ன செய்யலாம்?

3. இந்த செமஸ்டரில் நீங்க கேட்காமல் விட்ட ஒரு "ஏன்" எது?

மூன்றாவதற்குப் பதில் கிடைத்தால் நம்ம இதழுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த இதழில் போடுகிறோம்.